கட்டிலருகே ஒரு நாற்காலி

என்னை அந்த மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் போட்டதே ஆள் மாறாட்டத்தில்தான் என்று என் வீட்டுக்காரர் வாசுதேவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும். நான் டாக்டர் பட்டம் வாங்கியது குளத்துப் பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்து. ஆனால் ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லாரும் என்னை "ஃப்ராவ் டாக்டர்", அதாவது டாக்டரம்மா, என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பாதிப் பேருக்கு நான் நாடி பிடிப்பவள் என்றே எண்ணம். ரொட்டிக் கடைக்காரம்மா ஒருநாள் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டி, இந்த வீக்கத்துக்கு என்ன பூசலாம் என்று கேட்டாள். பாசிதான் பூச வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உண்மைக் காரணம் வேறு. அது தேவாலய அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை. அதன் சட்டப்படி நிர்வாகக் குழுவில் மூன்று இடம் ஊர்மக்களுக்கு. சம்பளம் கிடையாது, கூட்டத்தன்று காப்பியும் கேக்கும் உண்டு. வேலை என்னவென்றால், நோயாளியின் கண்ணோடு மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் உறுத்தியதைக் குழுவில் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை வந்த பிறகு துருக்கிக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் நிறையப் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சார்பில் பேசவும் ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கட்டும் என்று குழுத் தலைவரான பாதிரியார் ஆல்பர்ஸ் நினைத்தார். நல்ல ஜெர்மன் பேசுகிற ஆள் வேண்டும். வாடகை வீட்டுக்காரம்மாவோடும் விசா அலுவலகத்தோடும் ஒன்பது வருஷம் சண்டை போட்டே ஜெர்மன் கற்றவள் நான். என்னைவிட யார் பொருத்தம்?

முதல் வருஷத்திலேயே பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்குத் தனிச் சமையல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஊர்மக்கள் பிரதிநிதிகளாக என்னோடு இருந்த மற்ற இருவரும் வாயே திறக்க மாட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கேக் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். மற்றவர் கறிக்கடை வைத்திருந்த ஃப்ராவ் கெம்ப். எல்லாருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். இவர்களுக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எழுபத்து மூன்று நவம்பரில் அம்பிகா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் ரவிச்சந்திரன் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவன். அவர்களுக்கு மூன்று வயதில் கிரிஜா என்று ஒரு பெண். சரியான வாயாடி. முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே வாசுதேவனைப் பார்த்து, "வாசு மாமா, உங்க தலைல இருந்த முடியெல்லாம் எங்க போச்சு? யாருக்காவது குடுத்துட்டீங்களா?" என்று கேட்ட பெண். அந்தக் குழந்தை மாடிப்படியில் பனியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசையாமல் படுக்கப் போட்டிருந்தார்கள்.

"உள்ளயே விட மாட்டேங்கறாங்க அக்கா," என்றாள் அம்பிகா. கண் இரண்டும் வீங்கியிருந்தது. "புதன்கிழமையும் சண்டேயும் மட்டும்தான் விசிட்டிங் அவர்ஸாம். அதுவும் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கணுமாம்."

"கண்ணாடியா? குழந்தைக்குக் கால்தானே உடைஞ்சிருக்கு? ஒட்டுவாரொட்டியா என்ன?"

"ஸ்கூல் போற வயசு வராத குழந்தைங்களுக்கெல்லாம் அதான் ரூலாம். அம்மாவப் பாத்தா அழுவாங்களாம். அழுதா மத்த குழந்தைங்களும் அழுமாம். அவளுக்குத் தமிழ் தவிர என்ன அக்கா தெரியும்? தண்ணி வேணும்னாக்கூட யார்கிட்ட கேப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைகள் வார்டுக்குள் நான் அதுவரை போய்ப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் அரைத் தெருவும் கூடவே போகும். ஒருத்தி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பாள், ஒருவர் ஃபிளாஸ்கில் காப்பி வாங்கப் போவார், ஒரு மாமா டாக்டரை மடக்கி நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அதிலும் தொல்லை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையைத் தனியாகப் படுக்கவைத்துவிட்டு அம்மாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

பெட்ரோல் தட்டுப்பாடு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். அந்த ஞாயிறு நானும் அம்பிகாவும் பெரிய சாலையின் நட்டநடுவே நடந்து மருத்துவமனைக்குப் போனோம். எதிரே ஒரு குடும்பமே சைக்கிளில் பாடிக்கொண்டு வந்தது. அம்பிகா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசைக் கட்டில். மூன்றாவது கட்டிலில் கால் மேலே தொங்க கிரிஜா. அம்பிகா கண்ணாடியைத் தட்டினாள். "கிரிஜா! கிரிஜாக்குட்டி! அம்மா பாருடி!" குழந்தை திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அம்பிகா கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்படியே நின்றாள்.

வெள்ளைத் தொப்பி போட்ட சகோதரி ஹெட்விக் எங்களிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "உங்கள் மகள் மிகவும் சமர்த்து. வார்டிலேயே இவள்தான் சமர்த்து."

சமர்த்தா! அந்த வாண்டா?

குழு உறுப்பினர் எந்த வார்டுக்குள்ளும் போகலாம். நான் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். "கிரிஜா, நாகு அத்தை வந்திருக்கேன். வாசு மாமாவுக்கு இன்னும் முடி முளைக்கலடி," என்றேன். என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. கன்னத்தைத் தொட்டாலே கையைத் தட்டிவிடுகிற பெண், நான் தொட்டதும் தொடாததும் தெரியாதவள்போல் கிடந்தாள். இவள் பேசுகிறாளா என்று சகோதரியைக் கேட்டேன். "ஓ, ஜெர்மனில் நாலைந்து வார்த்தை கற்றுக்கொண்டாளே! தண்ணீர் கேட்கிறாள். எங்களை ஷ்வெஸ்டர் என்று கூப்பிடுகிறாள். தன் மொழியில் இப்போதெல்லாம் ஒன்றும் பேசுவதில்லை," என்றார். அந்த ஊரில் நர்ஸுகளை ஷ்வெஸ்டர், அதாவது சகோதரி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

கால் எப்படியும் சேர்ந்துவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த டாக்டர்கள் எலும்பு ஒட்டுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் கால் சேர்ந்து வீட்டுக்கு வரும்போது அம்பிகாவின் பெண்ணும் கூட வருவாளா என்பதுதான் கேள்வி. அம்மாவைப் பார்த்தும் பேச வாய் வராத குழந்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

நேரே குழந்தைகள் பிரிவுத் தலைவர் டாக்டர் ப்ரென்னரிடம் போனேன். ப்ரென்னர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். காய்ச்சல் கண்ட குழந்தைக்காகக் கிறிஸ்துமஸ் விருந்தை விட்டுவிட்டு ஓடி வருகிற மனிதர். "ஃப்ராவ் டாக்டர், தாய்மார்கள் உள்ளே வந்தால் கிருமியும் வரும். அவர்கள் கிளம்பும்போது வார்டு முழுக்க அழும். அழுகிற குழந்தை தூங்காது. தூங்காத குழந்தை தேறாது. இருபது வருடமாகப் பார்க்கிறேன்," என்றார். குரலே உயரவில்லை. நான்தான் கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு கட்டிலருகேயும் ஒரு நாற்காலி. பகல் முழுவதும் தாயோ தகப்பனோ அதில் உட்காரலாம். அவ்வளவுதான்.

"தீர்மானம் குடுத்தா மட்டும் போதுமா நாகு?" என்றார் வாசுதேவன். "மீட்டிங்குக்கு முன்னாடி அந்த மனுஷனை வீட்ல போய்ப் பாத்துட்டு வந்துடேன். ஆபீஸ்ல வெறைப்பா இருக்கறவங்க வீட்ல சாதாரணமாப் பேசுவாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கல்யாணச் சீரில் வந்த வெள்ளித்தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம், நானே பிடித்த லட்டு, நடுவில் நாலு ரோஜாப்பூ. டாக்டர் வீட்டில் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு அழகு!" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வந்த விஷயத்தைச் சொன்னேன், கவனமாகக் கேட்டார். நான் நிறைந்த மனதோடு திரும்பி வந்தேன். தட்டு தானாகத் திரும்பி வரும். நம் பக்கத்தில் யாராவது பழத்தட்டை வைத்துக்கொள்வார்களா? வெறும் தட்டாகத் தரக்கூடாதென்று கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.

தட்டு திரும்பி வரவில்லை. பாதிரியாரிடமிருந்து தொலைபேசிதான் வந்தது.

"ஃப்ராவ் டாக்டர், மிகவும் சங்கடமான விஷயம். டாக்டர் ப்ரென்னர் புகார் கொடுத்திருக்கிறார். வாக்கெடுப்புக்கு முன் அவர் வீட்டுக்கு நீங்கள் வெள்ளிப் பொருள் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தீர்களாமே?"

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் காது மடல்வரை சூடேறியது. பழம் வைத்த தட்டையும் சேர்த்து நான் கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள்! வெள்ளித்தட்டு லஞ்சம்! அரைக் கிலோ ஆப்பிளுக்குக் கீழே நான் வெள்ளியை ஒளித்துவைத்துக் கொண்டுபோனேனாம்!

தொலைபேசியை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் வாசுதேவன் சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தார். "அடிப் பாவி, லஞ்சம் குடுத்தும் காரியம் ஆகாதவ உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப!"

"யோசனை சொன்ன மகராசன் நீங்கதானே? சிரிங்க, நல்லாச் சிரிங்க."

"நான் போய்ப் பாருன்னுதான் சொன்னேன். சீர்வரிசை கொண்டு போன்னா சொன்னேன்?"

சிரிப்பெல்லாம் அத்தோடு நின்றது. அன்று மாலை அம்பிகா வந்தாள். புதன்கிழமைப் பார்வை நேரத்துக்குப் போய்வந்திருந்தாள். இந்தமுறை கிரிஜா தலையைத் திருப்பக்கூட இல்லையாம். "தூங்கறாளோன்னு பாத்தேன் அக்கா. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா," என்றாள். அழக்கூட இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. புகாரைப் பற்றி ரவிச்சந்திரன் கேள்விப்பட்டிருந்தான். தீர்மானத்தையே தள்ளிவிடுவார்களோ என்று அவனுக்குக் கவலை. "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு," என்று அம்பிகா ஆரம்பித்தாள். "பேரு கெட்டா நான் தேச்சுக் கழுவிக்கறேன். நீ போய்ச் சாப்பிடு," என்று அனுப்பிவைத்தேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அதே கவலைதான். என் வாய்க்கொழுப்பால், என் தட்டால், அந்தக் குழந்தையின் காரியம் கெட்டுப்போனால்?

கூட்ட அறைக்குள் போனேன். மேஜை நடுவில் வெள்ளைத் துணி விரித்து என் தட்டு வீற்றிருந்தது. பழம், பூ எல்லாம் வைத்தது வைத்தபடி. பூ மட்டும் வாடியிருந்தது. லட்டில் ஒன்று குறைந்தது. டாக்டரின் மனைவி ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறார்போல, நன்றாயிருக்கட்டும் மகராசி.

பாதிரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலில் இந்த விஷயம் என்றார். நான் எழுந்துவிட்டேன்.

"எங்கள் ஊரில் பெரியவர்களைப் பார்க்கப் போனால் பழம் கொண்டு போவோம். பழம் அவர்களுக்கு. தட்டு எங்களுக்கு. இது என் அத்தை என் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டு. உள்ளே என் பெயர் வெட்டியிருக்கிறது, ஆப்பிளை எடுத்துவிட்டுப் பாருங்கள். இதை நான் எதற்கு டாக்டருக்குக் கொடுக்கப் போகிறேன்? திருப்பித் தருவார் என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லஞ்சம் கொடுக்கிறவள் பட்டப்பகலில், பட்டுப்புடவையில், தெருவே வேடிக்கை பார்க்க, முன்வாசல் வழியாகவா போவாள்? அந்த அளவுக்கு மூளையில்லாதவளா நான்?"

ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டர் ப்ரென்னர் ஆப்பிளை நகர்த்திப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "வழக்கம் எனக்குத் தெரியாது," என்று மெல்லச் சொன்னார். ஆனாலும் விதி விதிதான் என்றார் பாதிரியார். தீர்மானம் உயிரோடு இருக்கும், நான் பேசலாம், ஆனால் இந்த விஷயத்தில் வாக்களிக்கக் கூடாது.

"சரி, கையைக் கட்டிவிட்டீர்கள். வாயைக் கட்டவில்லையே," என்றேன்.

வரும்போது ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்து வந்திருந்தேன். எங்கள் ஊர், உங்கள் ஊர், மனித நேயம் என்று என்னென்னவோ. ப்ரென்னரின் சிவந்த முகத்தைப் பார்த்ததும் அது எல்லாம் மறந்துபோனது. நேராக அவரிடமே கேட்டேன்.

"டாக்டர், சேர்த்த அன்று கிரிஜா எப்படி இருந்தாள்?"

"எல்லாக் குழந்தைகளையும்போலத்தான். அழுதாள்."

"என்ன சொல்லி அழுதாள்?"

"அம்மாவைக் கூப்பிட்டுத்தான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?"

"தமிழில் கூப்பிட்டாளே. உங்களுக்கு எப்படிப் புரிந்தது?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஃப்ராவ் டாக்டர், அதற்கு மொழி எதற்கு? துருக்கிக் குழந்தையும் அதைத்தான் கூப்பிடும். இத்தாலிக் குழந்தையும் அதைத்தான் கூப்பிடும். இரண்டு மூன்று நாள் கூப்பிடுவார்கள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வார்டுக்குப் பழகிவிட்டார்கள் என்று எங்களுக்குத்..."

அங்கே நிறுத்தினார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

அப்போதுதான் ஃப்ராவ் கெம்ப் பேசினார். அந்தக் குரலை நான் கூட்டத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் மகனும் இந்த வார்டில்தான் இருந்தான். அப்போது அவனுக்கு நாலு வயது. அவனும் இப்படித்தான் அமைதியானான். வீட்டுக்கு வந்த பிறகு பல மாதம் என்னைத் தொடவிடவில்லை. என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை." காப்பிக் கெண்டியை மேஜையில் வைத்தார். "டாக்டருக்கு நன்றி சொல்லி முழுத் தொடைக்கறி ஒன்று அனுப்பினேன். புகை போட்டது, எங்கள் கடையிலேயே உசத்தியானது. அதை யாரும் இந்த மேஜையில் கொண்டுவந்து வைக்கவில்லை."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாதிரியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு நாளும் இந்த அம்மாளுக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேனே! அவர் பேசிய நாலு வாக்கியத்துக்கு என் ஒரு வருஷப் பேச்சு உறைபோடக் காணாது.

கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு எண்ணவே பயம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது, என் கை இல்லாமலேயே. பள்ளி ஆசிரியர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் கை எந்தப் பக்கமும் எழவில்லை. ஈஸ்டர்வரை சோதனையாகப் பார்ப்பது, வார்டில் கலவரம் என்றால் டாக்டர் ப்ரென்னர் நிறுத்திவிடலாம் என்று ஒரு வாலையும் சேர்த்தார்கள். வால் இருந்துவிட்டுப் போகட்டும். தட்டைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு, லட்டை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். ப்ரென்னரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அம்பிகாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வெள்ளை அங்கி மாட்டிவிட்டார்கள். அவசரத்தில் நாடாவை முடியத் தெரியாமல் நின்றவளுக்கு நான் முடிந்துவிட்டேன். கண்ணாடிக் கதவைத் தாண்டி, மூன்றாவது கட்டிலுக்கு ஓடினாள்.

"கிரிஜா! தங்கம்! அம்மா வந்துட்டேண்டி!"

குழந்தை அவள் முகத்தைப் பார்த்தாள். அங்கியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மரியாதையாக, "ஷ்வெஸ்டர், தண்ணீர்," என்று ஜெர்மனில் கேட்டாள்.

அம்பிகாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "அவளுக்கு என்னத் தெரியலக்கா. பெத்தவளத் தெரியல," என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். லேட்டாகிவிட்டதோ? தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதோ? வாசலில் டாக்டர் ப்ரென்னர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அழக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

"இங்க பாரு அம்பிகா. அழணும்னா வெளிய போய் அழுதுட்டு வா. அவ தண்ணி கேட்டா. தண்ணி குடு. இந்தச் சேரை விட்டு நகராத," என்றேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். குழந்தை குடித்துவிட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினாள். அம்பிகா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் இவள் கையில் இருந்ததே தவிர, இவளைப் பிடிக்கவில்லை. நான் ஆய்வகத்துக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்த பாசியெல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது, ஒன்றும் வேலை ஓடவில்லை.

சாயங்காலம் மருத்துவமனைக்குள் நுழையும்போதே கேட்டது. மாடி வளைவுவரை எட்டுகிற கூச்சல். குழந்தைகள் வார்டிலிருந்துதான். நான் படியேற, எனக்கு முன்னால் டாக்டர் ப்ரென்னர் அங்கி பறக்க ஓடிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "பார்த்தீர்களா ஃப்ராவ் டாக்டர்? இதைத்தான் நான் சொன்னேன்!" என்றார். தீர்மானத்தின் வால் ஞாபகம் வந்தது.

வாசலில் சகோதரி ஹெட்விக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தாய் முகம் கழுவப் போனாளாம், நாற்காலி காலியானதும் குழந்தை வீறிட்டதாம், தாய் ஓடி வந்தும் நிறுத்தவில்லையாம். எட்டிப் பார்த்தேன். கால் மேலே தொங்க, முகம் மிளகாய்ப் பழமாகச் சிவக்க, ஒரு கையால் அம்பிகாவின் தோளில் அடித்துக்கொண்டிருந்தாள் கிரிஜா.

"எங்க போன? எங்க போன நீ? நான் கூப்ட்டேன்ல! நெறைய நெறையக் கூப்ட்டேன்ல! நீ வரவேல்ல! கண்ணாடிகிட்டயே நின்ன! உள்ளயே வரல! நீ கெட்ட அம்மா! போ! போகாத! உன்கூட காய்! அப்பா கூடயும் காய்! வாசு மாமா கூடயும் காய்!"

சுண்டுவிரலை அம்பிகாவின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு ஆட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அம்பிகா ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாக, "ஆமாண்டி செல்லம், அம்மா தப்புதான், அடி, இன்னும் அடி," என்று தலையை ஆட்டினாள். குழந்தையின் இன்னொரு கை அம்பிகாவின் புடவைத் தலைப்பைக் கொத்தாகப் பிடித்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். மற்றக் கட்டில்களில் குழந்தைகள் அழவில்லை. எல்லாம் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

ப்ரென்னர் கட்டிலருகே குனிந்து காலைச் சோதித்தார். எடை சரியாகத்தான் தொங்கியது. ஊசி போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கேவல் அடங்க அடங்க, குழந்தை இன்னும் வேகமாகப் பேசினாள். நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "அழுகை நின்றுவிட்டதே. இவ்வளவு நேரமாக என்னதான் சொல்கிறாள்?" என்றார்.

"இனிமேல் அம்மாவோடு பேசவே மாட்டாளாம், டாக்டர்," என்றேன். "அதைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்."